என் தொண்டையில் அடுத்த வீட்டு அண்ணன்

என் தொண்டை கெட்டுப்போயிருக்கிறது என்பதை எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அடுக்களையில் விழுந்த ஒரு சட்டி.

காலையில் கடைக்குப் புறப்படுகிற நேரம். மதிலோரத் தென்னையிலிருந்து ஓலை ஒன்று அவர்கள் பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. யார் தலையிலாவது விழுந்து தொலைக்குமே என்று, "ஓலை விழப்போவுது, அந்தால யாரும் நிக்காதிய" என்று மதிலைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தேன். சில நாட்களாகவே தொண்டை கரகரவென்றுதான் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் போட்டதும் உள்ளே சட்டி விழுந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு மைனி, அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், ஓடி வந்தார். கையெல்லாம் மீன் செதில். மதிலுக்கு மேலே தெரிந்த என் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நல்லதுக்குச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாரே என்று மனைவியிடம் குறைப்பட்டேன். இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, தப்பா நெனைக்கப்பிடாது. உங்க சத்தம் இப்பம் அந்த அண்ணனுக்க சத்தம் மாதிரியே இருக்கு. எனக்கே திக்குன்னு ஆயிட்டு."

அந்த அண்ணன் என்பது மைனியின் கணவர். அப்போது அவர் இறந்து அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தொண்டையில் புற்றுநோய்.

அண்ணன், மைனி என்று சொல்கிறேனே தவிர எங்களுக்குள் ரத்த உறவு ஒன்றும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் ஒன்று, சபைக் கோயிலில் எங்கள் இருவருக்கும் பெஞ்சு ஒன்று, அவ்வளவுதான். நான் வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, இரணியல் ரோட்டில் பெயின்ட் கடை வைத்த நாளிலிருந்து அவர்தான் எனக்கு ஊர். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தக்கலையிலிருந்து முட்டம் போகிற வண்டியில் மீன்காரிகளோடும் அவர்கள் மீன் சுமக்கும் சருவப் பானைகளோடும் மல்லுக்கட்டியே வாழ்க்கையைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சத்தம் குறையவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து உப்பு கேட்டால் முக்கில் இருக்கும் கடைக்காரன் எட்டிப் பார்ப்பான்.

அதனாலேயே அவருக்குத் தொண்டை கட்டியபோது யாரும் கவலைப்படவில்லை. அவரும் படவில்லை. கண்டக்டருக்குத் தொண்டை கட்டாமல் வேறு யாருக்குக் கட்டும் என்று அவரே சொல்லிச் சிரித்தார். தேன் வந்தது, திப்பிலி வந்தது, சுக்கும் கருப்பட்டியும் வந்தன, மார்த்தாண்டத்தில் யாரோ கொடுக்கிற சர்க்கரை உருண்டை மருந்து வந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். கடைசியில் ஒருநாள் தண்ணீர் குடிக்கும்போது புரையேறி ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, கிறிஸ்துமசுக்குக்கூட ஒரு சொட்டு கிடையாது அந்த மனிதருக்கு. நானோ பாலைவனத்தில் இருந்த காலமெல்லாம் சிகரெட்டை இழுத்துத் தள்ளியவன்.

அவருடைய கடைசி வருடத்துக் குரலை நான் தினமும் மதிலுக்கு மேலே கேட்டிருக்கிறேன். அதில் காற்று அதிகம், சத்தம் குறைவு. ஒரு வார்த்தை பாதியில் அறுந்துபோகும். கொஞ்சம் பொறுத்தால் மறுபாதி வந்து சேரும். அறுந்த இடத்தில் அவர் நிற்க மாட்டார், உதடு பேசிக்கொண்டே இருக்கும். அந்தக் குரலில்தான் என்னை மக்கா என்று கூப்பிட்டார், அந்தக் குரலில்தான் முனிசிபாலிட்டியைத் திட்டினார், ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு, ஊர் வழக்கில் கரண்ட், வைத்த நாட்களில் கழுத்து வெந்து கறுத்துப் போயிருந்தபோதும் அந்தக் குரலில்தான் என் கடைக் கணக்குப் பிள்ளையின் கல்யாணத்தை விசாரித்தார்.

மனைவி சொன்ன பிறகு என் குரலை நானே கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்காமல் இருந்திருக்கலாம். கடையில் யாராவது பிரைமர் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" என்று சொல்ல வாயைத் திறப்பேன். "இரு" என்பதோடு அறுந்துவிடும். அவருக்கு அறுந்த அதே இடத்தில்தான் எனக்கும் அறுகிறது என்று தோன்றும். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கைபேசியில் என் குரலைப் பதிவு செய்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. வெள்ளை டிஸ்டெம்பர் ஒரு பக்கெட், மஞ்சள் ஒன்று, நாலு இஞ்ச் பிரஷ் இரண்டு என்று சும்மா சொன்னேன். பிறகு அதைப் போட்டுக் கேட்டேன். அண்ணன் டிஸ்டெம்பர் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று அதை அழித்துவிட்டு ஷட்டரை முழுவதும் தூக்கிவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தின்னர் நெடியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிஸ்டெம்பர் தூசி என்றேன். பனி என்றேன். கைபேசியில் தேடினேன், பெரும்பாலான இடங்களில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டு, பயப்பட வேண்டியதை எழுதியவர்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். காதுக்குள் வலி உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவரை இல்லை. படித்த அன்று சாயங்காலம் வந்துவிட்டது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்துகொண்டு விழுங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். என்ன தெரியும்? நாக்கு தெரியும்.

சாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அதற்கு முன்னால் இருக்கிற வழிக்குத்தான் பயந்தேன். அந்த வழி எனக்கு மனப்பாடம். முதலில் கரகரப்பு, பிறகு கஞ்சி, பிறகு சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்பது, பிறகு மூக்கில் குழாய். ஒவ்வொன்றையும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். இப்போது அதே வழியில் அவருக்குப் பின்னால் நானும் நடக்கத் தொடங்கிவிட்டேனா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆனால் அண்ணன் செய்ததை நான் செய்யவில்லை. தேன், திப்பிலி எதையும் தொடவில்லை. மனைவி ஒரு தடவை சொன்னதும் நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஈ என்று சொல்லுங்கள், ஆ என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். அதுவரை என் கடையைப் பற்றி எதையோ விசாரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று விசாரிப்பதை நிறுத்தினாள். அந்த நிறுத்தம் எனக்குப் போதுமாக இருந்தது. குரல் நாணில் சின்னதாக ஒரு வளர்ச்சி இருக்கிறது, பார்வைக்கு இன்னதென்று சொல்ல முடியாது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றாள். உங்கள் வயதையும் பழைய சிகரெட்டையும் வைத்துப் பார்த்தால் தள்ளிப்போடக் கூடாது, திருவனந்தபுரம் போய்விடுங்கள் என்றாள்.

எங்கள் ஊரில் ஆட்கள் எத்தனையோ காரியங்களுக்குத் திருவனந்தபுரம் போவார்கள். ஆனால் டாக்டர் வாயால் போகச் சொன்னால் அது அங்கே உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிதான், எங்கே என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் அது நடந்தது.

எங்கள் சபையில் ஆராதனை நடுவில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற ஒரு பகுதி உண்டு. சபை ஊழியர் முழங்காலில் நின்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடி முழங்காலில் நிற்போம். மனைவி எனக்குத் தெரியாமல் அவரிடம் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். தொண்டையில் ஒரு பரிசோதனை இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொன்னாளாம். அவர் சர்க்கரை நோயை முடித்தார், முட்டுவலியை முடித்தார், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களை முடித்தார். பிறகு சொன்னார்: "தொண்டையிலே புற்றுநோயினாலே வேதனைப்படுகிற உம்முடைய அடியானை நினைத்தருளும் ஆண்டவரே." அதோடு என் பெயர்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அந்தக் கோயிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். போன வருடம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அதே ராகத்தில், அதே இடத்தில் மூச்சு வாங்கி, அண்ணனுக்காக அவர் சொன்ன வாக்கியம் அது. அண்ணனே என் பக்கத்தில் முழங்காலில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். பிறகு நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பிறகு அவர் வராமல் நான் மட்டும் கேட்டேன். இப்போது பெயர் மட்டும் மாறியிருந்தது.  ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தபோது யாரும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பெண்கள் பக்கத்தில் மைனி மட்டும் எழுந்திருக்காமல் முழங்காலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் சபை ஊழியரைப் பிடித்தேன். எனக்குப் புற்றுநோய் என்று உமக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்; அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தொண்டை என்று ஆரம்பித்தேன், ஒரு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய், மீதி தானாக வந்துவிட்டது என்றார். அடுத்த வாரம் தவறு என்று அறிவித்துவிடட்டுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். அறிவித்த பிறகு பரிசோதனையில் அதுதான் என்று வந்துவிட்டால், அறிவித்தது தவறு என்று மறுபடியும் ஒரு தடவை அறிவிக்க வேண்டியிருக்குமே. இதை நான் கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரொட்டி வந்தது, ஆரஞ்சு வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. போன வருடம் இதே ஆட்களோடு இதே ரொட்டியை வாங்கிக்கொண்டு நானும் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். எப்படி உட்கார வேண்டும், எப்போது பெருமூச்சு விட வேண்டும், எப்போது ஜெபிக்கலாமா என்று கேட்க வேண்டும் எல்லாம் எனக்கும் தெரியும். இப்போது நாற்காலியின் அந்தப் பக்கம் நான் இருந்தேன். பரிசோதனையே இன்னும் ஆகவில்லை என்று மனைவி எல்லோரிடமும் சொன்னாள். அவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். நோயை மறைக்கிற குடும்பம் எது, நோயே இல்லாத குடும்பம் எது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

என்னைத் துரத்தியது அவர்கள் சொன்னவை அல்ல. நான் "உக்காருங்க" என்று சொல்லும்போது ஒவ்வொருவர் முகத்திலும் வந்த மாற்றம்தான். ஒரு நொடி அவர்கள் கதவுப் பக்கம் பார்ப்பார்கள். என் குரலில் அண்ணனைக் கேட்டார்கள். ஒரு பெரியவர் அதை வாய்விட்டே சொன்னார்: "அவனுக்கும் தொடக்கத்துல இப்பிடித்தான் இருந்து." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. என் கை ஏன் இவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சபையில் என்னைப் பார்க்க வராதது மைனி ஒருவர்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர், கூப்பிடு தூரம்கூட இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிண்ணம் குழம்பு போகாத நாள் கிடையாது, அதுவும் நின்றுவிட்டது. என் மனைவிக்கு வருத்தம். எனக்கு இல்லை. ஒரே சாவை ஒரு மனுஷி எத்தனை முறை பார்ப்பது என்றுதான் நினைத்தேன்.

திருவனந்தபுரத்துக்கு இரணியலில் காலை ரயில் ஏறினோம். குழித்துறையில் என் கடைக்கு வழக்கமாக வருகிற மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். கையில் பெரிய ஸ்கேன் கவர். எங்கே என்று கேட்டார். கம்பெனியில் சரக்கு பார்க்கப் போகிறேன் என்றேன். நீங்கள் எங்கே என்றேன். தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம் என்றார். என் மனைவியின் மடியிலும் அதே மாதிரி ஒரு கவர் இருந்தது. அதன் பிறகு மூன்று பேரும் நெய்யாற்றங்கரை வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினோம். ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்கிற வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே உள்ளே போய் அதை எடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மலையாளி டாக்டர் என் தோளைத் தட்டி, "பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்று எந்த மொழியில் சொன்னாலும் பயம் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. விழித்தபோது, அவர்கள் சொல்லும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்கள். முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும், கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை நான் அதுவரை அனுபவித்ததில்லை. வீட்டில் என் சத்தமும் இல்லை, அவர் சத்தமும் இல்லை. வேண்டியதைக் கைபேசியில் தட்டி மனைவியிடம் காட்டுவேன். அவள் என்னிடம் சின்னக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாள். பதில் வராத வீட்டில் பேசிப் பேசி அவளே களைத்துப்போய் நிறுத்திக்கொண்டாள். பேசாமல் இருக்கும்போதுதான் அண்ணன் எனக்குள் அதிகமாகப் பேசினார். பல் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது, எனக்குள் எழுகிற ஒவ்வொரு வாக்கியமும் அந்த அறுந்த குரலில்தான் எழுந்தது. என் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். முடியவில்லை. பல வருடம் என்னிடம் இருந்த சாமான், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஒருவேளை இனிமேல் பேசவே முடியாது என்று ஆகிவிட்டால், கடைசியாக இந்த உலகத்துக்கு நான் விட்டுவிட்டுப் போகிற குரலும் அவருடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்தது. அழுதாலும் சத்தம் வரக் கூடாது என்பது டாக்டர் கட்டளை.

கூப்பிட்டார்கள். போனோம். தோளைத் தட்டிய அதே டாக்டர் நாங்கள் உட்காருவதற்கு முன்னாலேயே கேன்சர் இல்லை என்று சொல்லிவிட்டார். சாதாரண பாலிப், வெறும் சதை வளர்ச்சி, சத்தம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு வருவது, முழுவதும் எடுத்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாள் கழித்து மெதுவாகப் பேசிப் பழகலாம் என்றார். மனைவி அங்கே அழவில்லை. கேன்டீனில் பழம்பொரியைப் பிட்டு வாயில் வைத்தவள் அப்படியே உடைந்து அழுதாள். வாயிலிருந்து பழம் விழுந்தது. அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் நமக்கு வந்ததுதான் இவர்களுக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இல்லை, எங்களுக்கு இல்லை என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லாமல் இருந்ததே நல்லது. சந்தோஷம் என்றால் அவ்வளவு சந்தோஷம். அதைக் காட்ட அது இடமில்லை.

சில வாரத்தில் பேச ஆரம்பித்தேன். முதலில் காற்று, பிறகு கொஞ்சம் சத்தம், பிறகு என் சத்தம். வீட்டுக்குள் மனைவியிடம் மட்டும் மெல்லப் பேசினேன். வெளியே இன்னும் கைபேசியைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் சபை.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் வந்து சேர்ந்த செய்தி வேறு. புற்றுநோய் இருந்தது, சபை ஜெபித்தது, பரிசோதனை செய்த இடத்தில் அது மறைந்துபோய்விட்டது. போதகர் வீட்டுக்கு வந்து, தொண்டை ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். சுகமானவர்கள் சபை முன்னால் நின்று தங்களுக்கு நடந்ததைச் சொல்வது எங்கள் வழக்கம். எனக்கு அந்த நோயே இல்லை, சபை ஊழியர் வாய் தவறிச் சொன்னது என்று கைபேசியில் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார். இருந்ததா இல்லையா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும் என்றார். கூட வந்த சபை ஊழியரும் தலையை ஆட்டினார். வாய் தவறவில்லை, சொல்ல வைக்கப்பட்டேன் என்று அவர் இப்போது நம்ப ஆரம்பித்திருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுதினால் தீராது என்று, சபை ஊழியரை மட்டும் வாசலில் நிறுத்தி என் சொந்தக் குரலிலேயே கேட்டேன். "அதே வாக்கியத்தத்தானே அந்த அண்ணனுக்கும் சொன்னீரு? ஒரு வருசம் சொன்னீரே. நான் எழும்பி நிண்ணு ஜெபத்துனால பிழைச்சேன்னு சொன்னா, அந்த மைனி எங்க போய் இருக்கும்?" அவர் எனக்குக் குரல் திரும்பிவிட்டது என்பதைக்கூடக் கவனிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகு வெளியே முழு ஊமையாகவே நடித்தேன். டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார் என்றால் யாரும் சாட்சி கேட்க முடியாதல்லவா?

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மைனி வந்தார். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். எப்போதும் பின்பக்கமாக வருகிறவர், அன்று கேட்டைத் திறந்து முன்வாசல் வழியாக, கல்யாணம் சொல்ல வருகிறவர் மாதிரி வந்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். உட்காரவில்லை.

சபை ஊழியர் அவரிடமும் போய் என்னவோ சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. தன்னை நினைத்து நான் சாட்சி சொல்லாமல் இருக்க வேண்டாம், தனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எல்லாரும் உங்களுக்காவ ஜெபிச்சாங்க தம்பி. நான் ஜெபிக்கல்ல. முழங்கால்ல நிண்ணேன், வாயில வரல்ல. நீங்க காலத்த பிள்ளைகிட்ட ஃபோன்ல பேசுவிய இல்லியா, அப்பம் நான் கெணத்துக்கரையில வந்து நிப்பேன். ஒங்களுக்குச் சொகமாயிட்டா அந்தச் சத்தம் போயிருமே எண்ணு இருந்து."

விரலில் சுற்றிய தலைப்பை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

"அவரு பேசினது எனக்க ஃபோன்ல கெடக்கு. கேட்டுக் கேட்டு அடுத்தாப்ல என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். நீங்க பேசும்பம் தெரியாது. அதான். நீங்க செத்துப்போவணும்னு நான் நெனைக்கல்ல தம்பி. சத்தம் மட்டும் அப்பிடியே இருந்தா போதும்னு இருந்து. ஆண்டவர் என்ன மன்னிக்கட்டு."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.  நான் எந்தக் குரலைக் கேட்டுச் சோறு இறங்காமல் கிடந்தேனோ, அதைக் கேட்பதற்காக ஒருவர் தினமும் காலையில் கிணற்றங்கரையில் வந்து நின்றிருக்கிறார். நான் வெளியூரில் இருக்கும் மகனிடம் பணம் வந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்டதையெல்லாம் அவர் தன் வீட்டுக்காரர் கேட்டதாகக் கேட்டிருக்கிறார்.

மைனி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் சரியாவல்லியா தம்பி? கொஞ்சமாவது பேச வருமா? எதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. எனக்கு மறுக்க மனம் வரவில்லை. தொண்டையை இறுக்கினேன். காற்றை அதிகமாக விட்டு, நடுவில் அறுத்து, அந்தக் கரகரப்பை வரவழைத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அத்தனை நாள் எனக்குள் விடாமல் பேசிக்கொண்டிருந்தவர், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மைனிக்காக வரட்டும் என்று நினைத்தேன்.

"உள்ள வந்து இரிங்க மைனி. அவ இப்பம் வந்திருவா."

எங்கும் அறுபடாமல் முழு வாக்கியமும் சுத்தமாக வந்தது. என் குரல். மைனி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.